மேசை மலையின் மேல் நடந்தோம்

‘மேசை’ தமிழ்ச் சொல் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது பதினாறாம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித் துறைக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். ஜன்னலும் சாவியும் அலமாரியும் வந்த அதே கப்பலில் மேசையும் வந்தது எனலாம். ஸ்பானிய மொழியிலும் அதே சொல்தான். அமெரிக்காவில் குடியேறிய ஸ்பானியர், உச்சி கூராக இல்லாமல் அறுத்து வைத்தாற்போல் தட்டையாக இருக்கும் குன்றுகளைக் கண்டு அவற்றையும் ‘மெசா’ என்றே அழைத்தனர். பூகோள நூல்கள் இன்றும் அப்பெயரையே வழங்குகின்றன. ஆகவே, நம் வகுப்பறை மேசையும் இக்கட்டுரையில் வரும் மலையும் ஒரே பெயர் கொண்டவை.

பெரியதாழையில் பிறந்து வளர்ந்த நமக்கு மலை என்றால் என்ன? கிழக்கே மணப்பாட்டுத் திருச்சிலுவைக் குன்று. வானம் தெளிந்த நாளில் மேற்கே தொலைவில் நீலக் கோடாகத் தெரியும் மலைத்தொடர். எரிமலைப் பாறையாலான மேசை மலை ஒன்றும் நம் மாவட்டத்தில் இல்லை. நம் மேற்கு மலைகளின் பாறை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. மேசை மலைகளைக் காண வேண்டுமானால் அதே மலைத்தொடரின் வட பகுதிக்கு, மகாராஷ்டிர மாநிலத்திற்குச் செல்ல வேண்டும். எனவே, காலாண்டு விடுமுறையில் பதினெட்டு மாணவியர், இரண்டு ஆசிரியைகள், ஒரு சகோதரி ஆகியோர் திருநெல்வேலியில் ரயிலேறிப் புனே சென்று, அங்கிருந்து பேருந்தில் வாய் என்னும் ஊரைக் கடந்து, பசர்ணி மலைப்பாதை வழியே பஞ்சகனி அடைந்தோம். ‘வாய்’ என்ற ஊர்ப் பலகையைப் பார்த்துப் பேருந்து முழுவதும் சிரித்ததைச் சொல்லாமல் விட மனமில்லை.

பஞ்சகனி என்றால் ஐந்து கிராமங்கள் சூழ்ந்த ஊர் என்று பொருள் சொல்வர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,290 மீட்டர் உயரத்தில் உள்ளது. விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர் பெற்ற இடம். கன்னியர் நடத்தும் புனித சூசையப்பர் பள்ளி 1895இல் அங்கு தொடங்கியது. ஊருக்கு நேர் மேலே நிற்பதுதான் ‘டேபிள் லேண்ட்’. வாகனம் செல்லும் வழியும் உண்டு; நடந்து ஏறுவதே நம் எண்ணம். மூச்சு வாங்க ஏறி, கடைசித் திருப்பத்தில் உச்சி வரப்போகிறது என்று நிமிர்ந்தால், உச்சியே இல்லை! கண்ணுக்கெட்டிய மட்டும் சமவெளி. செம்மண் நிறத்தில் பாறைத் தரை, இடையிடையே புல், அதன் மேல் காற்று. “ஏட்டி, இவ்வளவு ஏறி வந்தும் நம்ம தேரிக்காடு மாதிரில்லா கெடக்கு!” என்றாள் எங்களில் ஒருத்தி. சகோதரி, “சிவப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான் மக்களே, இரும்புத் துரு” என்றார்கள். அந்தத் துருவிற்குப் பின்னால் வருவோம்.

ஆசியாவிலேயே இரண்டாவது பெரிய பீடபூமி இது என்று அங்குள்ள வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வர். அவர்கள் பேச்சு இனிமையாக இருந்தது. ஆனால் நம்ப வேண்டியதில்லை. தக்காணமே ஒரு பீடபூமி. அதன் ஓரத்தில் இது ஒரு சிறு பலகை, அவ்வளவே.

அந்தப் பலகை எப்படி உருவாயிற்று? எரிமலை என்றவுடன் கூம்பு வடிவ மலையும் உச்சியில் புகையும் நம் மனக்கண்ணில் தோன்றும். இங்கு நடந்தது வேறு. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்தியா இன்னும் ஆசியாவோடு முட்டாமல் தனித் தீவாக வடக்கு நோக்கி நகர்ந்து கொண்டிருந்த காலத்தில், நிலத்தில் நீண்ட வெடிப்புகள் திறந்தன. அவற்றின் வழியே உருகிய பாறைக் குழம்பு பொங்கி, தோசைக் கல்லில் ஊற்றிய மாவு பரவுவதுபோல் நாற்புறமும் பரவியது. அது ஆறி உறைந்தபின் மற்றொன்று. அதன் மேல் இன்னொன்று. இப்படி அடுக்கடுக்காக உறைந்த கரும்பாறைக்குப் பசால்ட் என்று பெயர். இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு இந்தப் பாறையால் மூடப்பட்டிருக்கிறது. அதாவது தமிழ்நாட்டைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு!

விளிம்பிலிருந்து எதிர்ப்புற மலைகளைப் பார்த்தால் இந்த அடுக்குகளை எண்ணவே முடிகிறது. ஒவ்வொரு குழம்பு ஓட்டத்தின் நடுப்பகுதியும் மெல்ல ஆறியதால் கெட்டியாகிச் செங்குத்துச் சுவராக நிற்கிறது. மேற்பகுதியில் வாயுக் குமிழ்கள் சிக்கி, ஆப்பத்தின் நடுவில் இருக்கும் ஓட்டைகள்போல் துளைகள் விழுந்திருக்கின்றன. அது எளிதில் மக்கிச் சரிவாகிவிடுகிறது. சுவர், சரிவு, சுவர், சரிவு என்று மலை முழுவதும் படிக்கட்டு. சுவீடன் மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்தே விஞ்ஞானிகள் இதற்கு ‘டெக்கான் டிராப்’ என்று பெயரிட்டனர். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே சில இடங்களில் செங்கல் நிறத்தில் மெல்லிய பட்டை தெரியும். அது ஒரு காலத்தில் தரையாக இருந்த மண். அதன்மேல் அடுத்த குழம்பு வந்து மூடிவிட்டது. அப்படியானால் இரண்டு பொங்கலுக்கு நடுவே மண் உண்டாகும் அளவுக்குக் காலம் கிடைத்திருக்கிறது!

டைனோசர்கள் மறைந்ததும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். மெக்சிகோவில் விழுந்த விண்கல் காரணமா, இந்தக் குழம்பும் புகையும் காரணமா, இரண்டும் சேர்ந்தா என்று விஞ்ஞானிகள் நெடுங்காலமாக வாதாடி வருகின்றனர். விண்கல் பக்கமே கை ஓங்கியிருக்கிறது.

குழம்பு தட்டையாகப் பரவியது சரி. ஆனால் இத்தனை கோடி ஆண்டு மழைக்குப் பின்னும் மேற்பரப்பு தட்டையாகவே இருப்பது எப்படி? அதற்குக் காரணம் மலையின் மூடி. தூத்துக்குடி உப்பளத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கே வெயில் நீரைக் கொண்டு போய்விடும், உப்பு தங்கிவிடும். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. கனமழை பாறைக்குள் இறங்கி, கரையக்கூடிய சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சிலிக்காவையும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கழுவிக் கொண்டு போயிற்று. கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கின. இரும்பு துருப்பிடித்துச் சிவந்தது. இப்படி மிஞ்சியதுதான் கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் வீடு கட்டப் பயன்படும் வெட்டுக்கல். தரைக்குள் ஈரமாக இருக்கும்போது இரும்புக் கருவியால் கட்டியாக வெட்டி எடுக்கலாம். வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் இறுகிவிடும். கேரளத்தில் அங்காடிப்புறம் என்னும் ஊரில் இதைக் கண்ட புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1807இல் வெளியிட்ட நூலில் இதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தார். இலத்தீனில் செங்கல்லுக்கு ‘லேட்டர்’ என்று பெயர்.

மேசை மலையின் மேற்பலகை இந்த வெட்டுக்கல். மழையும் ஆறும் சுற்றியிருந்த நிலத்தை அரித்துக் கொண்டு போயின. மூடி இருந்த இடம் மட்டும் தப்பியது. ஆகையால் நாம் ஏறிய மலை தானாக உயர்ந்த மலையன்று. நாம் நின்ற தளமே அக்காலத் தரைமட்டம். கீழே தெரியும் பள்ளத்தாக்குதான் இறங்கிப் போன பகுதி. அதைத் தோண்டியவள் கிருஷ்ணா நதி. பழைய மகாபலேஸ்வரத்தில் சிறு ஊற்றாகப் பிறந்து, டேபிள் லேண்டின் அடிவாரப் பள்ளத்தாக்கில் தோம் அணையில் தேங்கி, வங்கக் கடல் வரை போகிறாள். 1996 முதல் அவள் நீரில் ஒரு பங்கு சென்னைக் குழாய்களுக்கும் வருகிறது. சென்னையில் அத்தை வீடு உள்ளவர்கள் இந்த மலை கழுவிய நீரைக் குடித்திருப்பார்கள்.

மூடியும் நிரந்தரமன்று. அதன் அடியிலுள்ள மென்மையான அடுக்கு அரிக்கப்படும்போது, ஓரம் தாங்கலின்றி நீட்டிக் கொண்டு நின்று, ஒரு நாள் உடைந்து விழுகிறது. அடிவாரத்தில் வீடு அளவு பாறைகள் கிடப்பதன் காரணம் இதுவே. விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம் என்று ஆசிரியை மூன்று முறை சொன்னதற்கும் இதுவே காரணம்! செங்குத்துச் சுவரைத் தாண்டி எதிரி ஏற முடியாது; மேலே குதிரை கட்ட இடம் உண்டு. எனவேதான் மராட்டியர் இத்தகைய மலைகளை விட்டுவைக்கவில்லை. சிவாஜி 1674இல் முடிசூடிய ராய்கட் கோட்டையும் இப்படியொரு தட்டை மலையே.

இனி மேலே வாழ்பவற்றைப் பார்ப்போம். இதை அறியப் பஞ்சகனி சரியான இடமன்று என்று சொல்ல வேண்டியிருக்கிறது. குதிரைச் சவாரியும் கடைகளும் கூட்டமும் மிதித்த இடத்தில் புல்லும் கஷ்டப்பட்டே முளைக்கிறது. மறுநாள் நாங்கள் சதாரா நகருக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள காஸ் பீடபூமிக்குச் சென்றோம். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். அதே வெட்டுக்கல் மூடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது காசும் அவற்றுள் ஒன்றாயிற்று. 850 வகைக்கு மேற்பட்ட பூக்கும் தாவரங்கள் அங்கு உள்ளன.

நாங்கள் சென்றபோது மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பனி ஒரு கணம் விலகியது. தரை முழுவதும் ஊதா! அதற்கப்பால் மஞ்சள்! மறுபடி பனி மூடிக்கொண்டது. யாரும் பேசவில்லை.

அந்த ஊதாப் பூவைக் குனிந்து பார்த்தால் சுண்டு விரல் நகம் அளவே இருக்கும். ‘சீதையின் கண்ணீர்’ என்று மராத்தியில் அழைக்கின்றனர். நம் உயிரியல் பாடத்தில் வரும் யூட்ரிகுலேரியாதான் இது. அழகிய பூவின் கீழே, ஈர மண்ணுக்குள், கடுகினும் சிறிய பைகள். நீரில் நீந்தும் நுண்ணுயிர் ஒன்று பையின் வாயில் உள்ள மயிரைத் தொட்டால் போதும். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் கதவு திறந்து, நீரோடு அதை உறிஞ்சி மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே பிசின் துளிகளோடு டிரோசிரா பூச்சிக்குக் காத்திருக்கிறது. இவை ஏன் பூச்சி தின்ன வேண்டும்? மண் சில விரற்கடை ஆழமே உள்ளது. அதிலிருக்கும் உரச்சத்தையும் மழை கழுவிவிடுகிறது. வேரால் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து பெறுகின்றன. பாறையைச் சிவக்க வைத்த அதே மழைதான் செடியை வேட்டைக்காரியாகவும் ஆக்கியிருக்கிறது.

வெள்ளைப் பொத்தான்கள்போல் நின்றவை எரியோகாலான். இளஞ்சிவப்பில் காட்டுக் காசித்தும்பை. மஞ்சள் இதழில் இரண்டு சிவப்புப் பொட்டு வைத்த ஸ்மித்தியாவை எல்லோரும் ‘மிக்கி மவுஸ் பூ’ என்கிறார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். பாறைக் குளங்களில் நம் ஊர்க் கொட்டிக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த செடி ஒன்று உண்டு. உலகில் அந்த வட்டாரத்தைத் தவிர வேறெங்கும் காணப்படாதது. அதனால் சதாராவின் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள். சரிவுகளில் ‘கார்வி’ என்னும் குறிஞ்சி இனப் புதர். நம் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதுபோல், இது பொதுவாக 8 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, மடிகிறது.

இத்தனையும் சூன் மாதம் மழை இறங்கியது முதல் அக்டோபர் வரையிலான நான்கைந்து மாதங்களுக்குள். அதன்பின் நீர் வற்றி, புல் காய்ந்து, மார்ச்சு மாதம் வந்தால் காலை வைக்க முடியாத வெறும் சூடான பாறை. அந்த மாதத்தில் ஒருவர் வந்து பார்த்தால் என்ன சொல்வார்? “ஒன்றுக்கும் உதவாத தரிசு” என்பார். இதைத்தான் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நில ஏடுகளில் தரிசு என்று எழுதியபின் எதையும் செய்யலாம். சதாராவுக்கருகே சால்கேவாடி பீடபூமியில், நம் முப்பந்தலில் இருப்பதுபோலக் காற்றாலைகளும் அவற்றுக்கான சாலைகளும் நிற்கின்றன. கொல்லாப்பூர் மாவட்டப் பீடபூமிகளில் வெட்டுக்கல்லில் உள்ள அலுமினியத்திற்காகப் பாக்சைட் தோண்டினார்கள். மின்சாரமும் அலுமினியமும் நமக்கு வேண்டியவைதாம். நம் வீட்டுச் சட்டியும் அதில் செய்ததுதான். ஆனால் மூடியை எடுத்தால் போவது பூ மட்டுமன்று. வெட்டுக்கல் மழை நீரைத் துளைகளில் வாங்கி வைத்து, அடியிலுள்ள களி அடுக்கின் மேல் வழிந்து, மலையோரத்தில் ஊற்றாகச் சிறிது சிறிதாக விடுகிறது. மழை நின்றபின்னும் அடிவாரக் கிராமத்துப் பெண்கள் குடம் நிரப்புவது அந்த ஊற்றில். காஸ் ஏரியின் நீரைச் சதாரா நகரமே குடிக்கிறது.

இதைக் கேட்டபோது நமக்குத் தேரியே நினைவுக்கு வந்தது. சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் பல்லாயிரம் ஏக்கர் செம்மணல். அதன் சிவப்பும் மணல் துகளின் மேல் படிந்த இரும்புத் துருவே. அதையும் நம்மவர் பாழ்நிலம் என்றுதான் சொல்வர். ஆனால் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டரே மழை பெறும் நம் பகுதியில், தேரி அந்த மழையை ஓடவிடாமல் உறிஞ்சி வைக்கிறது. திருச்செந்தூருக்கருகே மேலப்புதுக்குடியில், நாற்புறமும் செம்மணல் சூழ, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை இருப்பது நாம் அறிந்ததே. மழைக் காலத்தில் தருவைகள் நிறைவதையும் பறவைகள் வருவதையும் பார்த்திருக்கிறோம். மனிதரும் இந்தப் ‘பாழில்’ வாழ்ந்திருக்கின்றனர். சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் தேரிகளில் கிடைத்த நகக்கண் அளவிலான கற்கருவிகளைப் பற்றி சொய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்னும் இருவர் 1956இல் எழுதினர். மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையிலும் அப்படியே. இரத்தினகிரிப் பக்கத்து வெட்டுக்கல் தளங்களில் பழங்கால மனிதர் பாறையைக் கீறி வரைந்த யானையும் மீனும் காணப்படுகின்றன. உலகில் மற்ற இடங்களிலும் உண்டு இத்தகைய நிலம். கலிபோர்னியாவில் ஓரவில் நகருக்கு வடக்கே பசால்ட்டால் ஆன மேசை மலை ஒன்று, வசந்தகாலம் வந்தால் பூவாலும் மழைக் குட்டைகளாலும் நிறைந்துவிடுகிறது.

காஸில் பாதுகாப்பும் ஒரு பாடம் கற்றது. கூட்டம் பெருகியதால் நாளொன்றுக்கு 3,000 பேர் என்று வரம்பு கட்டினர். அதனுடன் மாடுகள் வராமல் கம்பி வேலியும் போட்டனர். சில ஆண்டுகளில் பூ பெருகவில்லை, குறைந்தது. காரணம், தலைமுறை தலைமுறையாக அங்கு மேய்ந்த மாடுகள் உயரமான புல்லைத் தின்று சிறு செடிக்கு வெயில் விட்டு வந்திருக்கின்றன. அவை வராததால் புல் ஓங்கிவிட்டது என்று அறிந்தோர் கூறினர். பின்னர் வேலி அகற்றப்பட்டது. நமக்கு இச்செய்தி மிகவும் பிடித்திருந்தது. மாடு மேய்த்த அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்களோ என்னவோ!

அடுத்த ஆண்டு செல்ல விரும்பும் தங்கையருக்குச் சில சொற்கள். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ அணியுங்கள், ஈரப் பாறை வழுக்கும். வெறும் பாறை மீதே நடங்கள். ‘புல்தானே’ என்று மிதிக்கும் ஓரடியில் நூறு செடி இருக்கும். பனி மூடினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். முன்னே இருப்பது தரையா பள்ளத்தாக்கா என்று தெரியாது. சிறு கற்களைப் புரட்டாதீர்கள். அதன் கீழே தவளையும் பல்லியும் குடியிருக்கும். நம் தேரியில் அஞ்சும் சுருட்டை விரியனும் இருக்கலாம். மழைக் கோட்டு அவசியம். குடையைக் காற்று விட்டுவைக்காது. எங்கள் ஆறு குடைகளில் இரண்டே முழுதாக ஊர் திரும்பின.

நாங்கள் பார்க்கத் தவறிய ஒன்றுண்டு. சூனில் முதல் மழை பெய்து பாறைக் குழிகளில் நீர் தேங்கிய சில நாட்களில், நம் வலையில் விழும் கூனி இறாலைப்போன்ற, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிற்றுயிர்கள் அவற்றில் தோன்றுமாம். மல்லாந்த நிலையிலேயே நீந்தும். குழி வற்றுவதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு, மடிந்துவிடும். மலை உச்சிக் குழிக்கு இறால் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் வியந்தோம். முட்டைகள் குழியின் அடித்தூசியில் கிடக்கின்றன. கோடை முழுவதும் அந்தப் பாறை அடுப்பில் காய்ந்தும் சாகாமல், அடுத்த சூன் வரை. மழை தவறினால் அதற்கடுத்த சூன் வரை.